காலையில் ஒரு மணி நேரம் நடந்தும் மாலையில் கால் வீங்குவது ஏன்?

கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 38. மாம்பழப் பருவத்தில் காலை எட்டரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் எழுவதற்கு இரவு ஏழு ஆகிவிடுகிறது. விடியற்காலையில் மாவட்ட விளையாட்டு அரங்கில் ஒரு மணி நேரம் நடக்கிறார். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பழக்கம் விடவில்லை. அப்படியும் மாலையில் செருப்பு வார் பதியும் அளவுக்குப் பாதம் வீங்குகிறது, இடுப்பின் அடியில் வலிக்கிறது, அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி என்ற சர்க்கரை அளவு 6.1 என்று வந்திருக்கிறது. "இத்தனை நாள் நடந்ததெல்லாம் வீணா? இன்னும் கூடுதலாக நடக்க வேண்டுமா? வேலைக்கு நடுவில் அடிக்கடி எழுந்தால் மேலாளர் முகம் சுளிக்கிறார், நான் என்ன செய்வது?" என்பது அவருடைய கேள்வி.

தர்மபுரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். இதே கேள்வியை வங்கி எழுத்தர் கேட்டிருக்கிறார், இ-சேவை மையத்தில் கணினி முன்னால் இருக்கும் பெண் கேட்டிருக்கிறார், தினமும் ஓசூருக்குப் பஸ்ஸில் போய்வரும் பொறியாளர் கேட்டிருக்கிறார். அவசரத்தில் இரண்டு வரி சொல்லி அனுப்பியதும் உண்டு. அது போதவில்லை என்று தெரிந்ததால் இம்முறை நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மனத்தை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நடந்தது வீணில்லை அம்மா. 2016இல் லான்செட் மருத்துவ இதழில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டி ஓர் ஆய்வு வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆயுள் குறையும் அபாயம் கூடுதலாக இருக்கிறது என்று அது கண்டது. தினமும் 60 முதல் 75 நிமிடம் விறுவிறுப்பாக நடப்பது போன்ற உழைப்பு உள்ளவர்களிடம் அந்தக் கூடுதல் அபாயம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்றும் கண்டது. பெரும்பாலோரால் எட்ட முடியாத அந்த அளவை நீங்கள் தினமும் எட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதை விடாதீர்கள். கூட்டவும் வேண்டாம்.

ஆனால் அந்த ஆய்வு எண்ணியது உயிர்களை. மாலை வீக்கத்தையும், இடுப்பு வலியையும், மதிய உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையையும் அது எண்ணவில்லை. நீங்கள் கணக்குப் பார்ப்பவர் என்பதால் உங்கள் மொழியிலேயே சொல்கிறேன். ஒரு பேரேட்டில் இருக்கும் வரவைக் காட்டி வேறொரு பேரேட்டின் பற்றை அடைக்க முடியாது. காலை நடை இதயத்தின் பேரேட்டில் பெரிய வரவு. பகலில் அசையாமல் போகும் பத்து மணி நேரமோ கெண்டைக்காலின் பேரேட்டிலும் முதுகின் பேரேட்டிலும் பற்றாக ஏறுகிறது. அந்தப் பற்றை அது ஏறிய அரைமணிக்குள்ளேயே கழித்தால்தான் கழியும். சேர்த்துவைத்து மறுநாள் விடியலில் கட்ட முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதைத்தான் கீழே விரிக்கிறேன்.

வீக்கத்திலிருந்து தொடங்கலாம். மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கவலையை நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மாடு சரிவில் இறங்கினால் தண்ணீர் நிறைந்த சால் மேலே ஏறும். மாடு நின்றால் தண்ணீர் கிணற்றோடு நிற்கும். உங்கள் காலிலும் அப்படித்தான் நடக்கிறது. இதயம் ரத்தத்தைப் பாதம் வரைக்கும் தள்ளிவிடும். அங்கிருந்து மேலே ஏற்றுவதில் பெரிய பங்கு கெண்டைக்கால் தசைக்கு. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது இறுகி, உள்ளே ஓடும் சிரைகள் என்னும் ரத்தக் குழாய்களைப் பிழிகிறது. சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகள் இருப்பதால் பிழிந்த ரத்தம் மேல்நோக்கித்தான் போகும். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை அசைக்காமல் இருந்தால் மாடு நின்றுவிட்டது என்று பொருள். சிரைகளில் அழுத்தம் கூடி, நீர் மெல்லக் கசிந்து கணுக்காலைச் சுற்றித் தேங்குகிறது. நாற்காலியின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தினால் தேக்கம் இன்னும் கூடும். காலை ஆறு மணிக்கு மாடு எவ்வளவு உழைத்திருந்தாலும், மதியம் மூன்று மணிக்கு அது நின்றுகொண்டிருந்தால் அந்த நேரத்துத் தண்ணீர் ஏறாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திர எழுத்தர் என்னிடம் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், உங்களைப் போலவே காலையில் தவறாமல் நடப்பவர். இடுப்பு வலி, கால் வீக்கம். பயிற்சிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தார், எதுவும் மாறவில்லை. அவர் சோம்பேறி இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவருடைய இடத்துக்கே போய்ப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி வரைக்கும் பார்த்தேன். நான்கு மணி நேரத்தில் அவர் எழுந்தது ஒரே ஒரு முறை. தேநீர் மேசைக்கு வந்தது. முத்திரைத்தாளை ஒரு பையன் கொண்டுவந்தான். ஜெராக்ஸ் எடுக்க அவன்தான் எதிர்வரிசைக்கு ஓடினான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பு கைக்கு வந்தது. கைநாட்டு வாங்க வேண்டிய பாட்டியம்மா கூட இவர் இருக்கும் இடத்துக்கு எழுந்து வந்தார். ஊர் மரியாதை முழுக்க அவரை நாற்காலியில் கட்டிப்போட்டிருந்தது. இரண்டு மணிக்கு அவருடைய முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் என் கட்டைவிரலை வைத்துப் பத்து விநாடி அழுத்தி எடுத்தேன். ரேகையோடு ஒரு குழி. நான் கைகழுவிவிட்டு வந்து பார்த்தபோதும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

புதுப் பயிற்சி எதுவும் சொல்லவில்லை. மருத்துவரிடம் அனுப்பி இதயம், சிறுநீரகம் இரண்டிலும் கோளாறில்லை என்று உறுதி செய்துகொண்டோம். பிறகு, ஜெராக்ஸுக்கு அவரே போக வேண்டும், தேநீர் கடையிலேயே நின்று குடிக்க வேண்டும், கைநாட்டு வாங்க அவரே எழுந்து போக வேண்டும் என்று மூன்றே மூன்று ஏற்பாடு. பையனுக்குத்தான் மிகவும் சங்கடமாக இருந்தது, முதலாளி தன்மேல் கோபமாக இருக்கிறாரோ என்று. மூன்று வாரத்தில் வீக்கம் முக்கால்வாசி இறங்கிவிட்டது. இடுப்பு வலி மெதுவாகத்தான் குறைந்தது, இரண்டு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து, உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது "எவ்வளவு நேரம் உடற்பயிற்சி செய்கிறீர்கள்" என்று இல்லை. "கடைசியாக எப்போது எழுந்தீர்கள்" என்றுதான் கேட்கிறேன்.

இந்த விஷயத்தை மருத்துவ உலகம் கண்டுகொண்ட கதையே பஸ்ஸில்தான் தொடங்குகிறது. லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் லான்செட்டில் எழுதினார். ஒரே நிறுவனம், ஒரே பஸ், ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பங்கள். ஆனால் பணி நேரம் முழுவதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்தது. நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்குக் குறைவாக வந்தது. அதற்காக நடத்துநர்கள் தனியாக உடற்பயிற்சி செய்ய வேண்டியிருக்கவில்லை. வேலையே அவர்களை எழுப்பிவிட்டது. நம் ஊர் டவுன் பஸ்ஸில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னும் பின்னும் போய்வரும் நடத்துநரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மோரிஸ் நினைவுக்கு வருவார். அவர் 99 வயது வரை வாழ்ந்தார்.

இனி உங்கள் 6.1. இது நீரிழிவு இல்லை, அதற்கு முந்தைய நிலை, 5.7 முதல் 6.4 வரை அப்படிச் சொல்வார்கள். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. முந்தைய நிலையில் இருப்பவர்கள் அதைவிடவும் அதிகம். ஆகவே இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கவனிக்க நிறைய இருக்கிறது.

சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசைதான். இயங்கும் தசை, இன்சுலின் வந்து கதவைத் திறக்கும் வரை காத்திருப்பதில்லை. தானாகவே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அசையாத தசைக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2023இல் ஒரு சோதனை செய்தார்கள். எட்டு மணி நேரம் நாற்காலி வேலை. அதில் அரைமணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை, உட்கார்ந்தே இருந்த நாளைவிட 58 சதவீதம் குறைவாக ஏறியது. ரத்த அழுத்தமும் சற்று இறங்கியது. கலந்துகொண்டவர்கள் பதினொரு பேர்தான், அதனால் அந்த 58 உங்களுக்கும் அப்படியே வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் திசை ஒன்றுதான், வேறு பல சோதனைகளும் அதே திசையைத்தான் காட்டியிருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்வதுதான் நாளிலேயே மோசமான நேரம்.

இதையொட்டி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் "நான் களிதான் சாப்பிடுகிறேன், எனக்கு எப்படிச் சர்க்கரை வரும்" என்று கேட்பவர்கள் ஏராளம். கேழ்வரகு நல்ல தானியம், வெள்ளைச் சோற்றைவிட நார்ச்சத்து அதிகம். ஆனால் இரண்டு கை கொள்ளாத உருண்டையைச் சாப்பிட்டு உழவுக்குப் போனவர் வேறு, அதே உருண்டையைச் சாப்பிட்டுக் கணினி முன் உட்காருபவர் வேறு. உருண்டையைப் பாதியாக்கி, கீரையையும் கொள்ளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடம் என்றதும் நீங்கள் மேலாளரை நினைத்திருப்பீர்கள். ஐந்து கிடைக்காவிட்டால் இரண்டு, இரண்டு கிடைக்காவிட்டால் ஒன்று. முன்பெல்லாம் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லிவந்தது. 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தப் பத்து நிமிட நிபந்தனையை எடுத்துவிட்டது. எந்த அசைவும் கணக்கில் சேரும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது அவர்கள் சொல்லும் அளவு. உங்கள் காலை நடையிலேயே அது நிறைந்துவிடுகிறது. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுச்சேர்க்கும் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். நடப்பவர்கள் எல்லாரும் கோட்டைவிடுவது அதைத்தான்; பின்னால் வருகிறேன்.

சரி, தொழிற்சாலையில் எப்படி எழுவது? "அரைமணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், செல்பேசியில் மணியும் வைத்துக்கொள்ளலாம். மணி அடிப்பதை நான்காம் நாள் அணைத்துவிடுவீர்கள், எல்லாரும் அணைக்கிறார்கள். வேலையோடு முடிச்சுப் போட்ட எழுதல்தான் நிலைக்கும். பருவத்தில் உங்கள் வாசலில் மாங்காய் லாரிகளும் டிராக்டர்களும் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றும் எடை மேடை ஏறி இறங்கியதும் ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டை இப்போது யாரோ உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து தருகிறார்கள் என்று நினைக்கிறேன். நாளையிலிருந்து நீங்களே போய் வாங்குங்கள். எடை மேடை நூறு அடி தள்ளி இருந்தால் போகவர இரண்டு நிமிடம். சீட்டு உங்கள் கண்முன்னால் கைக்கு வருவதால் எண் மாறுவதும் குறையும். மேலாளரிடம் "எனக்குக் கால் வீங்குகிறது, எழ வேண்டும்" என்று கேட்டால் அவர் அதைச் சலுகையாகப் பார்ப்பார். "சீட்டுகளை நானே சரிபார்த்து வாங்கிக்கொள்கிறேன், பெங்களூரா ரக மாங்காய் எடையும் அல்போன்சா ரக எடையும் கலக்காமல் இருக்கும்" என்று சொன்னால் அது வேலை. இரண்டுமே உண்மைதான். இரண்டாவதை முதலில் சொல்லுங்கள்.

தொலைபேசி வந்தால் எழுந்து நின்று பேசுங்கள். பக்கத்து அறைக்குச் செய்தி அனுப்பாமல் நடந்து போய்ச் சொல்லுங்கள். அச்சு இயந்திரம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதை அறையின் அந்தக் கோடிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

எழ முடியாத நேரமும் இருக்கும். மாதக் கடைசி, தணிக்கை நாள். அப்போது மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, முன்பாதத்தை ஊன்றிக்கொண்டு குதிகாலை மட்டும் உயர்த்தி இறக்குங்கள். முப்பது முறை. பிறகு குதிகாலை ஊன்றி விரல்பகுதியை உயர்த்துங்கள், முப்பது முறை. யாருக்கும் தெரியாது, கவலை மாடு மறுபடி நடக்கத் தொடங்கிவிடும். எழ முடிந்தால் ஜன்னல் கம்பியையோ பீரோவையோ பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்தி இருபது முறை. இடுப்பில் இரண்டு கைகளையும் பின்புறமாக ஊன்றி, முழங்காலை மடக்காமல், மேலுடம்பை மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்து நிமிருங்கள், ஐந்து முறை. அந்த ஐந்தையும் நான் மிகவும் வலியுறுத்துவேன். நாளெல்லாம் முன்பக்கமாகவே மடங்கிக் கிடக்கும் முதுகுக்கு எதிர்ப்பக்கம் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது. குனிந்து செய்தால் இதமாக இருக்கிறது என்று சிலர் கால் விரலைத் தொடப் போவார்கள்; உட்கார்ந்து உட்கார்ந்து நோகும் இடுப்புக்கு அது வேண்டாம்.

நிமிர்ந்து உட்கார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். தவறில்லை. ஆனால் சிலைபோல் நிமிர்ந்து உட்கார்ந்தாலும் இரண்டு மணி நேரத்தில் வலிக்கத்தான் செய்யும். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகளுக்குள் ரத்தக் குழாய்கள் நேராகப் போவதில்லை. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வரும்போது, பஞ்சு நீரை உறிஞ்சுவது போலத்தான் அவை ஊட்டத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒரே நிலை எவ்வளவு ஒழுங்கானதாக இருந்தாலும் வட்டுக்கு அது பட்டினி.

இதை நான் படித்ததற்கு முன்பே பார்த்திருக்கிறேன். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புளி உடைக்கும் வேலை எத்தனை வீடுகளில் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து, கட்டையால் தட்டி ஓட்டை நீக்கி, நாரை உருவி, கொட்டையை எடுப்பார்கள். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை. கணக்குப் பார்த்தால் உங்கள் அளவுக்கே உட்காருகிறார்கள். ஆனால் உற்றுப் பாருங்கள்: ஒரு நேரம் குத்துக்கால், ஒரு நேரம் சம்மணம், ஒரு காலை நீட்டி மறுகாலை மடக்கி ஒரு நேரம், கூடை நிறைந்தால் கையை ஊன்றாமல் எழுந்து போய்க் கொட்டிவிட்டு வருவது. தசை ஓயவே ஓயாது. டான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களை ஆராய்ந்து 2020இல் எழுதியவர்களும் இதையேதான் கண்டார்கள். அவர்களும் நாளில் பத்து மணி நேரத்துக்கு நெருக்கமாக ஓய்வாக இருக்கிறார்கள், ஆனால் அந்த ஓய்வில் கணிசமான பங்கு குந்தியும் மண்டியிட்டும் இருப்பது. அப்போது கால்தசைகள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. புளி உடைக்கும் வேலை சொகுசு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்கு முழங்கால் வலியும் தோள் வலியும் உண்டு, என்னிடம் வருகிறார்கள். ஆனால் கால் வீக்கத்தோடு அவர்கள் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. உங்களால் தொழிற்சாலையில் தரையில் உட்கார முடியாது. வீட்டில் முடியும். சாப்பிடும்போதும் காய் நறுக்கும்போதும் தரையில் உட்காருங்கள்; முழங்கால் இடம் கொடுத்தால் கையூன்றாமல் எழுங்கள்.

நாற்காலியைப் பற்றி இரண்டு வார்த்தை. பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். நாற்காலி உயரமாக இருந்து குறைக்க முடியாவிட்டால் காலடியில் ஒரு பலகையோ இரண்டு செங்கல்லோ போடுங்கள். தொடையின் அடியில் அழுத்துவது அப்போதே விட்டுப்போகும். கணினித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி அடியில் பழைய பேரேடுகளை அடுக்குங்கள். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. குனியக் குனியக் கழுத்துக்கு அது பல மடங்காகத் தெரியும். கண்ணுக்கு, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார்ப்பது போதும். ஜன்னல் வழியே மலை தெரியும் ஊரில் இருக்கிறோம்.

நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை வாங்கலாமா என்று ஓசூர் இளைஞர்கள் கேட்கிறார்கள். நாள் முழுக்க நிற்பதும் கெடுதல்தான், சிரைகள் புடைத்துக்கொள்ளும். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாளெல்லாம் நின்ற ஊழியர்களுக்காகத்தான் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. நிற்பவர்களுக்கு உட்கார இடம் வேண்டும், உட்காருபவர்களுக்கு எழ இடம் வேண்டும். உடம்பு கேட்பது மாற்றத்தை.

இப்போது பெண்கள் சொல்லத் தயங்குகிற ஒன்று. என்னிடம் வரும் அலுவலகப் பெண்களில் பலர் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. கழிப்பறை தொலைவில் இருக்கிறது, அல்லது சுத்தமாக இல்லை, அல்லது ஆண்கள் கூடி நிற்கும் வழியாகப் போக வேண்டியிருக்கிறது. அதனால் எழவும் தேவை வருவதில்லை. சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் தலைவலியும் பின்னாலேயே வருகின்றன. உங்கள் கடிதத்தில் இது இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நாளைக்கு எத்தனை முறை போகிறீர்கள்? பத்து மணி நேரத்தில் இரண்டு முறைக்குக் குறைவு என்றால் அதுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தூய்மையாகவும் எளிதில் போகும்படியாகவும் இருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதப்பட்டது. நீங்கள் ஒருவராகக் கேட்காமல், கூழ்ப் பிரிவில் இருக்கும் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். அவர்களுக்கும் அது உங்களைப்போலவே தேவை. தண்ணீரைப் பெரிய பாட்டிலில் மேசைமேல் வைக்காமல் ஒரு டம்ளராக எழுந்து போய்க் குடியுங்கள்.

தண்ணீர் என்றதும் நம் இரண்டு மாவட்டங்களுக்கே உரிய ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் கடமை தவறியவன் ஆவேன். இங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே பல. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அதற்கு முன் வளர்ந்தவர்கள், பல்லில் பழுப்புக் கறை உள்ளவர்கள், கழுத்தும் முதுகும் இறுகி வலித்தால் நாற்காலியை மட்டுமே குற்றம் சொல்லிவிடக்கூடாது. புளோரைடு நீண்ட காலம் சேர்ந்தால் எலும்பையும் மூட்டையும் இறுக்கும். உங்கள் பல்லைக் கண்ணாடியில் பாருங்கள், சிறுவயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று அம்மாவைக் கேளுங்கள். கறை இருந்தால், காலையில் எழும்போதே முதுகு விறைத்திருந்தால், எலும்பு மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் குடிப்பது ஒகேனக்கல் நீரா, போர்வெல் நீரா என்றும் விசாரியுங்கள். தேயிலையிலும் புளோரைடு உண்டு. நாளுக்கு ஆறு தேநீர் குடிப்பவர் அதை இரண்டாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடை. மே மாத வெயிலில் வெளியே வேண்டாம். கூழ் டிரம்கள் அடுக்கியிருக்கும் கிடங்கு நிழலாக இருக்கும், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடங்கள்; கூடச் சாப்பிடும் இருவரையும் அழைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நடந்தால் பத்து நிமிடம் போவது தெரியாது. பாரவண்டி ஓடும் பாதையை மட்டும் விட்டு நடங்கள்.

வலுச்சேர்க்கும் பயிற்சிக்கு வருகிறேன். காலை நடையில் வாரத்துக்கு இரண்டு நாள் பதினைந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். அரங்கத்தின் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, பத்துப் பத்தாக மூன்று முறை. சுவரில் கைவைத்துத் தண்டால் போல, பத்துப் பத்தாக மூன்று முறை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தி இறக்குவது, பத்து முறை. ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் சையத் பாஷா மலையில் மூச்சு வாங்கும் வரை ஏறிவிட்டு இறங்குங்கள். உங்கள் ஊரில் தலைக்கு மேலேயே நிற்கும் மலை அது. ஏறும்போது நெஞ்சில் பாரம் வைத்தது போல் இருந்தாலோ, இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்காதீர்கள். முதல் வாரம் எடை மேடைச் சீட்டும் மேசைக்கடியில் குதிகாலும் மட்டும். இரண்டாம் வாரம் மதிய நடை. பிறகு மற்றவை.

மருத்துவரிடம் உடனே போக வேண்டியவை: ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகவும் தொட்டால் வலிப்பதாகவும் இருந்தால் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே போங்கள், அந்தக் காலைத் தேய்த்துவிட வேண்டாம். இரவு படுத்து எழுந்தபின்னும் இரண்டு கால் வீக்கமும் வடியாவிட்டால் இதயம், சிறுநீரகம், தைராய்டு பார்க்க வேண்டும். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் போவதில் தடை, இவை வந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். சர்க்கரைக்குக் கொடுத்த மருந்து ஏதேனும் இருந்தால் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வீக்கத்தை அளக்க உங்களிடமே கருவி இருக்கிறது. தையல் நாடாவால் கணுக்கால் எலும்புக்கு நான்கு விரல் மேலே, சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் இரண்டு கால்களையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் அதே நேரம், அதே இடம். எச்பிஏ1சி பரிசோதனை முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது. அதனால் மூன்று மாதம் முடியுமுன் எடுத்துப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். இப்போது தொடங்கினால் மாம்பழப் பருவம் முடிந்து ஆலை ஓயும் சமயத்தில் மூன்று மாதம் ஆகியிருக்கும். அப்போது அதே ஆய்வகத்தில் எடுங்கள். நாடா அளவுகளையும் அந்தச் சீட்டையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.